பாப்பா ‘உச்சா வருது’ என்று சொல்வதற்குள்... தெரியுமா?

கன்றுக்குட்டிகளுக்குக் கழிப்பறைப் பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? கதையல்ல, நிஜம்! ஜெர்மனியில் டும்மர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் உள்ள பண்ணை விலங்கு ஆராய்ச்சி நிலையமும் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு அது. மொத்தம் 16 கன்றுகள். ஒதுக்கிவிட்ட தடுப்புக்குள் போய் மூத்திரம் பெய்தால் தின்பதற்கு ருசியாக ஏதாவது கிடைக்கும். வெளியே பெய்தால் தண்டனை. என்ன தண்டனை தெரியுமா? முதலில் ஹெட்போன் மாட்டி, காதைக் குடையும் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். கன்றுகள் சட்டை செய்யவே இல்லை! கடைசியில் சத்தத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். சில வாரங்களுக்குள் 11 கன்றுகள் தாமாகவே நடந்துபோய்த் தடுப்புக்குள் பெய்யக் கற்றுக்கொண்டன.

சத்தத்துக்குக் கன்றே மசியவில்லை. அப்படியிருக்க, இரண்டு வயதுப் பிள்ளை ஹால் நடுவில் உச்சா போய்விட்டது என்று நாம் போடுகிற சத்தம் இருக்கிறதே! அந்தச் சின்ன உடம்புக்குள் என்னென்ன வேலை நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதட்ட வாயே வராது. வாருங்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம்.

உள்ளே இரண்டு கதவு!

பிறந்த குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 20 முறை சிறுநீர் கழிக்கிறது. ஏறக்குறைய மணிக்கொரு தடவை! அதன் சிறுநீர்ப்பையில் 30 மில்லிதான் கொள்ளும். ஆறு டீஸ்பூன், அவ்வளவுதான். டாக்டர்கள் இதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயதை 30-ஆல் பெருக்கி, அதோடு 30-ஐக் கூட்டுங்கள். இரண்டு வயதில் 90 மில்லி. மூன்று வயதில் 120. பெரிய டம்ளர் நிறைய ஜூஸைக் கொடுத்துவிட்டு, “இப்பத்தானேடா போனே, மறுபடியுமா?” என்று கேட்கிறோமே, பாவம், பிள்ளை அதை எங்கே வைத்துக்கொள்ளும்?

பச்சைக் குழந்தை ஒன்றும் தெரியாமல் தன்பாட்டுக்குப் போய்விடுகிறது என்றுதான் நெடுங்காலம் மருத்துவ உலகமே நம்பியிருந்தது. தூங்கும் சிசுக்களை உற்றுக் கவனித்து, மூளையலைகளையும் பதிவுசெய்து பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது: சிறுநீர் வரும் நேரத்தில் மூளையும் சற்றே விழித்துக்கொள்கிறது! தூளியில் அசந்து தூங்கும் பிள்ளை திடீரென்று நெளிந்து, முனகி, முகத்தைச் சுளிக்கும். அடுத்த கணம் சேலைத் தூளி சொட்டும். எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! அந்த நெளிவு மூளையிலிருந்து வருகிறது.

சிறுநீர்ப்பையின் வாயில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. உள்கதவு யார் பேச்சையும் கேட்காது, தானே திறக்கும், தானே மூடும். வெளிக்கதவு மட்டும்தான் நம் இஷ்டத்துக்குக் கட்டுப்பட்டது. பையைச் சுருக்கி, கதவுகளைத் திறந்துவிடும் உத்தரவு மூளைத்தண்டில் ‘பான்ஸ்’ என்ற பகுதியிலிருந்து பிறக்கிறது. பேரிங்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1925-இல் பூனைகளை ஆராய்ந்து கண்டுபிடித்த இடம். இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. அந்த இடத்தைப் பார்த்து “இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறு” என்று சொல்ல வேண்டியது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. மனிதருக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் முதிர்கிற மூளைப்பகுதி அதுதான்!

ஒரே ஒரு தடவை ஒழுங்காக உச்சா போவதற்கு ஒரு குழந்தை செய்ய வேண்டியதை வரிசையாக எண்ணிப் பாருங்களேன். வயிற்றுக்குக் கீழே ஏதோ முட்டுகிறது என்று உணர வேண்டும். அது பசியல்ல, உச்சா என்று பிரித்தறிய வேண்டும். கையிலிருக்கும் பொம்மை லாரியை விட்டுவிட மனம் வர வேண்டும். வெளிக்கதவை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்தபடியே அம்மாவைத் தேட வேண்டும், சொல்ல வேண்டும், நடக்க வேண்டும், ஜட்டியைக் கழற்ற வேண்டும், உட்கார வேண்டும். அத்தனையும் முடிந்த பிறகு, இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்த அதே தசையைத் தளர்த்த வேண்டும்!

இந்தக் கடைசிப் படிதான் எல்லாவற்றிலும் கடினம். முக்கி முக்கித் திறக்கிற கதவல்ல அது. உடம்பு தளர்ந்தால்தான் திறக்கும். பயந்தால் இறுகும், அதட்டினால் இன்னும் இறுகும். கால் மணி நேரம் சீட்டில் உட்கார வைத்தாலும் ஒரு சொட்டு வராமல், எழுந்து நின்ற மறு நொடி தரையில் போய்விடுகிறதே, ஏன் என்று இப்போது புரிகிறதா? உட்கார்ந்திருந்தபோது உடம்பெல்லாம் விறைத்திருந்தது. எழுந்ததும் ‘அப்பாடா’ என்று தளர்ந்தது, கதவு திறந்துகொண்டது. அடம் இல்லை, வேண்டுமென்று செய்ததும் இல்லை!

அதற்காக மணிக்கணக்கில் உட்கார வைக்கவும் வேண்டியதில்லை. மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள பாலூட்டிகள் எல்லாம் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 21 விநாடிதான், தெரியுமா? அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2014-இல் கண்டு சொன்னார்கள். அடுத்த ஆண்டே அதற்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற ‘இக் நோபல்’ பரிசும் கிடைத்தது. யானையின் பையில் 18 லிட்டர்! ஆனாலும் அதன் குழாய் நீளம், அகலம். ஈர்ப்பு விசையே இழுத்துக் கொட்டிவிடுகிறது. ஆட்டுக்கும் யானைக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பாட்டி காலை நீட்டி உட்கார்ந்தபோது...

நம் வீடுகளில் பாட்டிமார் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைத் தன் பாதங்களுக்கு நடுவே உட்கார்த்தி, முதுகைப் பிடித்துக்கொண்டு, “உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்...” என்று சத்தம் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைக்கு வந்துவிடும். இதே காட்சி ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, கென்யாவின் கடலோரம் வாழும் டிகோ மக்களிடமும் அப்படியே இருக்கிறது! அங்கேயும் தாய் காலை நீட்டி உட்காருகிறாள், அங்கேயும் ‘ஷூஸ்’ என்று ஒரு சத்தம். பிள்ளை பிறந்து இரண்டு மூன்று வாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் டிகோ குழந்தைகள் பகலிலும் இரவிலும் ஓரளவு நனைக்காமல் இருப்பதை மார்ட்டன் டி வ்ரீஸ், ரேச்சல் டி வ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1977-இல் எழுதினார்கள். சீனத்திலோ கவட்டில் தைக்காமல் விட்ட கால்சட்டை. பிள்ளை குந்தினால் தானே விலகிக்கொள்ளும், அவிழ்க்கும் வேலையே இல்லை!

அப்படியென்றால் பிறந்ததுமே ஆரம்பித்துவிட வேண்டியதுதானா? கொஞ்சம் நிதானியுங்கள். டிகோ தாயும் நம் பாட்டியும் நாள் முழுக்கப் பிள்ளையை உடம்போடு வைத்திருப்பவர்கள். பிள்ளையின் நெளிவை அவர்கள் படிக்கிறார்கள், சத்தத்தை அது படிக்கிறது. வெற்றி இருவருக்கும் சேர்ந்தது. நடந்துபோய், தானே கழற்றி, தானே உட்கார்ந்து வருகிற மூன்று வயதுப் பிள்ளையின் வெற்றி வேறு வகை. இதைவிட அது மட்டம், அதைவிட இது மட்டம் என்று சொல்லவே முடியாது. மடியில் வைத்துக்கொள்ள ஆள் இருக்கும் வீட்டில் பாட்டியின் வழி அருமையான வழி. ஆள் இல்லாத வீட்டில் பிள்ளையின் காலம் வரும்வரை காத்திருப்பதும் அருமையான வழிதான். மாமியார் வீட்டில் ‘எங்க காலத்துல ஒரு வயசுக்குள்ளேயே...’ என்று பேச்சு வந்தால் கலங்காதீர்கள், அவர்கள் சொல்வதும் உண்மை, நீங்கள் காத்திருப்பதும் சரி.

தவறிப்போன வழி எது தெரியுமா? 1930-களில் அமெரிக்க அரசு தாய்மாருக்கு அச்சிட்டுக் கொடுத்த கையேடு! சில மாதக் குழந்தைக்கே மலம் கழிக்க நேரம் குறித்து, கடிகாரத்தைப் பார்த்து உட்கார வைக்கச் சொன்னது. எட்டாவது மாதத்துக்குள் பழக்கம் முடிந்துவிடலாம் என்றது. எத்தனை தாய்மார் கண்ணீர் விட்டிருப்பார்கள்! 1946-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் தன் குழந்தை வளர்ப்பு நூலில், அவசரப்படாதீர்கள், பிள்ளை தயாராகட்டும் என்று எழுதிய பிறகுதான் அந்த இறுக்கம் தளர்ந்தது.

துணியோடு நாற்காலியில்!

அடுத்து வந்தவர் இன்னொரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர், டி. பெரி பிரேஸல்டன். பத்தாண்டுகளாகத் தன்னிடம் வந்த 1,170 குழந்தைகளின் குறிப்புகளை வைத்து 1962-இல் கட்டுரை எழுதினார். அவர் சொன்ன முறை எவ்வளவு மென்மையானது தெரியுமா? முதலில் தரையில் வைக்கும் குட்டி டாய்லெட் சேரை வாங்கி, ‘இது உன்னுது’ என்று பிள்ளைக்கே சொந்தமாக்கிவிட வேண்டும். அதில் துணியோடு, ஆமாம், ஜட்டியைக் கழற்றாமல் முழு உடையோடு உட்கார வைத்துக் கதை சொல்ல வேண்டும்! பிடிக்கவில்லையா, எழுந்து போகட்டும். ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே. பிறகு துணியில்லாமல் சும்மா உட்காரலாம், ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. பிறகு துணியில் ஆய் போயிருந்தால், பிள்ளையின் கண்முன்னே அதைச் சேருக்குள் கொட்டிக் காட்ட வேண்டும்: இது போய்ச் சேரும் இடம் இதுதான் என்று. எங்காவது முரண்டு பிடித்தால் நிறுத்திவிட வேண்டும். ஒரு படி பின்னால் வந்தாலும் தப்பில்லை. அந்தக் குழந்தைகள் பகலில் நனைக்காமல் இருக்கக் கற்ற சராசரி வயது 28.5 மாதம். நூற்றில் 80 பிள்ளைகள் சிறுநீர், மலம் இரண்டையும் ஒரே காலகட்டத்தில் பழகிவிட்டார்கள்.

நாதன் ஏஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் நேர் எதிர்த் திசையில் போனார்கள். 1973-இல் 34 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் சராசரியாக நான்கே மணி நேரத்தில் பழக்கிவிட்டோம் என்றார்கள்! எப்படி? உச்சா போகும் பொம்மை! பிள்ளையே அந்தப் பொம்மைக்கு டீச்சராகி, தண்ணீர் கொடுத்து, உட்கார வைத்து, கைதட்டிப் பாராட்ட வேண்டும். அப்புறம் பிள்ளைக்கு நிறைய ஜூஸ், உப்புப் போட்ட தின்பண்டம், மறுபடி ஜூஸ். பொம்மை யோசனை அற்புதம், வீட்டிலிருக்கும் கரடி பொம்மையை வைத்தே செய்யலாம். ஆனால் அந்த முறையில் ஜட்டி நனைந்தால் பத்துத் தடவை திரும்பத் திரும்ப நடந்து பழக வேண்டும் என்பதும் உண்டு. அழுகிற பிள்ளையைப் பத்துத் தடவை நடத்துவதை என் மனம் ஏற்கவில்லை, அதை விட்டுவிடுங்கள்.

முந்திக்கொண்டால் முந்தி முடிக்கலாமா? பிலடெல்பியாவில் பிளம், டாப்மன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு பளிச்சென்று பதில் சொல்கிறது. 27 மாதத்துக்கு முன்பே தீவிரமாகப் பயிற்சி தொடங்கிய வீடுகளில் பயிற்சி நீண்டுகொண்டே போனதே தவிர, பழக்கம் சீக்கிரம் முடியவில்லை! பெண் பிள்ளைகள் சற்று முந்தி: மில்வாக்கியில் 2002-இல் வந்த ஆய்வில் பகலில் நனைக்காத நடுவயது பெண்களுக்கு 32.5 மாதம், ஆண்களுக்கு 35. எதிர்வீட்டுப் பிள்ளை முந்திவிட்டது என்று உங்கள் மகனிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

‘சீ’ என்று சொல்லாமல் இருந்தால்...

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த ஆய்வு இது. உச்சாவுக்கு உட்காரும், ஆய் மட்டும் டயப்பரில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். 1997-இல் அதே பிலடெல்பியா டாப்மன் கவனித்த 482 குழந்தைகளில் நூற்றுக்கு 22 பேர் அப்படி! 2003-இல் அவரும் குழுவினரும் பெற்றோரில் ஒரு பகுதியினரிடம் இரண்டே இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, மலத்தைப் பற்றி அருவருப்பாக ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். இரண்டு, பயிற்சி தொடங்கும் முன்பே, பிள்ளை டயப்பரில் ஆய் போனாலும் பாராட்டுங்கள். டயப்பரில் போனதற்குப் பாராட்டா! ஆமாம்! விளைவு? பிடிவாதம் பிடித்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் அந்தப் பிடிவாதம் சீக்கிரம் தீர்ந்தது, பழக்கமும் முன்னதாகவே வந்தது.

‘சீ, கருமம்’, ‘அய்யே, நாறுது’ என்று மூக்கைப் பிடித்துக்கொள்வதை யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு அது தன் உடம்பிலிருந்து வந்த ஒன்று, தான் உண்டாக்கியது. அதைப் பார்த்து அம்மா முகம் சுளித்தால் ஒளித்துவைக்கத்தான் தோன்றும். திரைச்சீலைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சோபாவின் மூலையில் போய் நின்றுகொண்டு முக்குகிறதே, அது நல்ல அறிகுறி, தெரியுமா? வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு இடம் தேடுகிறது! இரண்டு மணி நேரம் ஜட்டி காய்ந்திருப்பது, நனைந்த துணியைப் பிடித்து இழுப்பது, கதவைத் தட்டி “நானும் வரேன்” என்று நம்மோடு பாத்ரூமுக்குள் நுழைவது, இவையும் அப்படித்தான். ஜப்பானிய ஓவியர் டாரோ கோமி 1977-இல் எல்லா உயிர்களும் மலம் கழிக்கும் என்பதை மட்டுமே வைத்து ஒரு குழந்தைப் படப்புத்தகம் செய்தார். பல நாட்டுப் பிள்ளைகள் இன்றும் மடியில் உட்கார்ந்து அதைப் பார்க்கின்றன.

அடக்கி வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது, இதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு தடவை கட்டியாகப் போய் வலித்தால், அடுத்த தடவை பிள்ளை அடக்கும். அடக்க அடக்கக் குடல் தண்ணீரை உறிஞ்சி மலம் மேலும் இறுகும், மேலும் வலிக்கும். நாளடைவில் மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதே தெரியாமல் போய், ஜட்டியில் சிறுகச் சிறுகக் கசியும். பார்ப்பவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைப்பார்கள், உண்மையில் அது மலச்சிக்கல்! அப்போது பழக்குவதை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போங்கள். வலி தீரட்டும், பழக்கம் பிறகு வரும்.

நேரம் பார்த்து உட்கார வைக்கவும் உடம்பே ஒரு வழி வைத்திருக்கிறது. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலையில் பால் குடித்து, இட்லி சாப்பிட்டு அரை மணிக்குள் உட்கார வைத்தால் பாதி வேலையைக் குடலே செய்துவிடும்! கால்கள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. மலக்குடலைச் சுற்றி ஒரு தசை வார்போல இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. குந்தும்போது அது தளர்ந்து வழி நேராகிறது. பெரியவர்களின் வெஸ்டர்ன் டாய்லெட்டில் சீட் போட்டு உட்கார வைப்பதானால் பாதத்துக்கு அடியில் ஒரு மணைப்பலகையாவது வையுங்கள். ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்தால், பிள்ளை எழுந்து வெளியே போன பிறகு இழுங்கள். பெரிதாக வாய் திறந்திருக்கும் அந்தக் குழி தன்னையும் விழுங்கிவிடும் என்று அது நிஜமாகவே நம்புகிறது.

பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவிவிடுங்கள். பட்டன் வைத்த பேண்ட் வேண்டாம், எலாஸ்டிக் போதும்.

பெரியவர்களுக்கும் டிரெய்னிங்!

ஏதென்ஸின் பழைய அகோரா சந்தைவெளியில் தோண்டியபோது சுடுமண்ணால் செய்த குழந்தை நாற்காலி ஒன்று கிடைத்தது, தெரியுமா? வயது 2,500 ஆண்டுக்கு மேல்! பிள்ளை உள்ளே உட்காரலாம், கால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் ஓட்டை. எப்படி உட்காருவது என்று தெரியாமல் இருந்தவர்களுக்குப் பழைய கிரேக்கக் கிண்ணம் ஒன்றின் ஓவியம் விடை சொன்னது. அந்த நாற்காலியில் குழந்தை. எதிரே ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்! எத்தனை நூற்றாண்டு ஆனாலும் அம்மாக்கள் அப்படித்தான் எதிரே உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.

விண்வெளிக்குப் போகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சி உண்டு. ஹூஸ்டனில், விண்கலக் கழிப்பறை மாதிரியில் சீட்டுக்கு அடியில் கேமரா வைத்து, சரியான இடத்தில் உட்காருகிறோமா என்று எதிரே திரையில் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள்! சுனிதா வில்லியம்ஸ் 2012-இல் விண்வெளி நிலையத்தைச் சுற்றிக் காட்டிய வீடியோவில் கழிப்பறையைக் கூச்சமில்லாமல் விளக்கியதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். 1961 மே 5 அன்று, விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட், ராக்கெட் கிளம்பத் தாமதமாகி மணிக்கணக்கில் காத்திருந்ததில், உடைக்குள்ளேயே போக வேண்டியதாயிற்று! பயணம் 15 நிமிடம்தானே என்று யாரும் அதற்கு ஏற்பாடு செய்யவில்லை. அவருக்கே அந்த நிலை வந்தது. பொம்மை லாரியில் மூழ்கிப்போன பிள்ளைக்கு வராதா? தங்கச்சிப் பாப்பா பிறந்தாலோ, வீடு மாறினாலோ, காய்ச்சலில் படுத்து எழுந்தாலோ நன்றாகப் பழகிய பிள்ளையும் மறுபடி நனைக்கும். “பரவாயில்லடா தங்கம், அடுத்த தடவை சொல்லு” என்று துடைத்துவிட்டால் சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

ராத்திரி மட்டும் ஏன்?

பகலில் ஜெயித்த பிள்ளை இரவில் பாயை நனைத்தால் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்! இரவு நேரத்தில் சிறுநீரைக் குறைக்க மூளை வாசோபிரசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்தத் தாளம் அமைய நாளாகும். பை நிறைந்தாலும் எழுப்ப முடியாத அளவு ஆழ்ந்து தூங்குகிறவர்களும் உண்டு. ஐந்து வயதில்கூட நூற்றுக்கு 15 பிள்ளைகள் இரவில் நனைக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு ஒன்றுமே செய்யாமல் தானாக நின்றுவிடும்.

இதற்கான மணியைக் கண்டுபிடித்த கதை இன்னும் ஆச்சரியம். 1904-இல் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் ஃபௌண்ட்லர், வார்டில் எந்தப் பிள்ளை நனைத்திருக்கிறது என்று நர்ஸுக்குத் தெரியட்டும் என்பதற்காக, ஈரம் பட்டால் மணியடிக்கும் கருவியைப் படுக்கையில் வைத்தார். நர்ஸுக்காக அடித்த மணியைக் கேட்டுப் பழகிப் பிள்ளைகள் நனைப்பதையே நிறுத்த ஆரம்பித்தார்கள்! இன்றும் ஏழெட்டு வயதிலும் நிற்காத பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் அந்த வகை அலாரத்தைப் பரிந்துரைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி பரம்பரையில் இருக்கிறது. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்குச் சிறுவயதில் இரவில் நனைப்பது நீடித்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 44 சதவீதம். இருவருக்குமே இருந்தால் 77 சதவீதம்! நாளைக் காலையில் ஈரப் பாயை வெயிலில் போடுகிற கையோடு உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வீட்டில் யார் எத்தனை வயது வரை பாயை நனைத்தார்கள் என்பதை அவர்கள் மறந்திருக்கவே மாட்டார்கள்.